ஹென்ரியேட்டா லாக்ஸ்: இறந்து 70 ஆண்டுகள் கடந்தும் எச்.ஐ.வி. ஆய்வகங்களில் வாழும் செல்கள்... யார் இந்தப் பெண்?

எச்.ஐ.வி.க்கு எதிராக ஒரு புதிய தடுப்பூசியை விஞ்ஞானிகள் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தன்னார்வலர்களுக்கு ஊசி போட்டாச்சு. சில வாரங்கள் கழித்து ரத்தமும் எடுத்தாச்சு. அந்த ரத்தத்தில் உருவாகியிருக்கும் எதிர்ப்பு சக்தி, வைரஸை உண்மையிலேயே தடுக்குமா? அதை எப்படித் தெரிந்துகொள்வது? மனிதர்களுக்கு வைரஸைச் செலுத்திப் பார்க்க முடியாது இல்லையா?

அதனால் மனித செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, அதில்தான் சோதிக்கிறார்கள். இந்தச் சோதனைக்கு உலக அளவில் அதிகம் பயன்படும் செல்களில் ஒன்றின் பெயர், டி.இசட்.எம்-பி.எல். பெயரைக் கேட்டால் ஏதோ மெஷின் பார்ட்ஸ் மாதிரி இருக்கும். ஆனால் இந்த செல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், 1951-ல் 31 வயதில் இறந்துபோன ஒரு கறுப்பினப் பெண்ணிடம் போய் நிற்போம்.

அவர் பெயர் ஹென்ரியேட்டா லாக்ஸ். 5 குழந்தைகளின் அம்மா. அவருடைய உடலில் இருந்து செல்களை எடுத்தபோது, ஆராய்ச்சிக்கு எடுக்கிறோம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அனுமதியும் கேட்கவில்லை. யார் இந்த ஹென்ரியேட்டா? அவருக்கும் எச்.ஐ.வி. ஆராய்ச்சிக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்த சிறுமி

1920 ஆகஸ்ட் 1-ம் தேதி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் உள்ள ரோனோக் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லோரெட்டா பிளசன்ட். அது எப்போது, எப்படி ஹென்ரியேட்டா ஆனது என்பது குடும்பத்தினருக்கே சரியாகத் தெரியாது.

அவருக்கு 4 வயது இருக்கும்போது, 10-வது பிரசவத்தில் அம்மா இறந்துபோனார். அத்தனை குழந்தைகளையும் தனியாக வளர்க்க அப்பாவால் முடியவில்லை. எல்லோரையும் குளோவர் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனார். அங்கே ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டுக்குப் பிரிந்து போனது. ஹென்ரியேட்டா தாத்தா டாமி லாக்ஸ் வீட்டுக்குப் போனார். அது ஒரு மரவீடு. ஒரு காலத்தில் அடிமைகளைத் தங்கவைத்திருந்த இடம்.

அதே வீட்டில் இன்னொரு பேரனும் வளர்ந்தார். பெயர் டேவிட் லாக்ஸ். எல்லோரும் கூப்பிடுவது 'டே'. இரண்டு பேரும் விடியற்காலையில் எழுந்து மாடு, கோழிகளைக் கவனித்துவிட்டுப் புகையிலை வயலுக்குப் போவார்கள். ஹென்ரியேட்டாவின் படிப்பு 6-ம் வகுப்போடு நின்றுபோனது. 14 வயதில் முதல் மகன் லாரன்ஸ் பிறந்தார். பிறகு மகள் எல்சி. 1941 ஏப்ரலில் ஹென்ரியேட்டாவும் டேவிட்டும் திருமணம் செய்துகொண்டார்கள்.

ஊரை விட்டு வந்த குடும்பம்

இரண்டாம் உலகப்போர் நேரம். இரும்பாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. புகையிலையில் கிடைக்கும் வருமானத்தை விட ஆலைச் சம்பளம் அதிகம். அதனால் குடும்பம் மேரிலாந்து மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தது. பால்டிமோர் நகரத்துக்குப் பக்கத்தில் டர்னர் ஸ்டேஷன் என்ற கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில் வீடு. ஸ்பாரோஸ் பாயின்ட் இரும்பாலையில் கணவருக்கு வேலை.

ஊரில் இருந்து வேலை தேடி வரும் சொந்தக்காரர்களுக்கு ஹென்ரியேட்டாவின் வீடுதான் முதல் அடைக்கலம். சமைத்துப் போடுவது, தங்க இடம் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நன்றாக நடனம் ஆடுவார். நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொள்வதில் அவருக்குத் தனி விருப்பம். நீளம் கருதிச் சொல்லாமல் விட்டுவிடக்கூடிய இந்தச் சின்ன விஷயம், பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் வரும்.

மூத்த மகள் எல்சிக்கு வலிப்பு நோயும் வளர்ச்சிக் குறைபாடும் இருந்தன. அவரை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல், கிரவுன்ஸ்வில் என்ற இடத்தில் கறுப்பினத்தவருக்கென இருந்த அரசு மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஹென்ரியேட்டா தவறாமல் போய் மகளைப் பார்த்துவந்தார். அவர் இறந்த பிறகு எல்சியைப் பார்க்கப் போக ஆள் இல்லை. 1955-ல், 15 வயதில், எல்சியும் அங்கேயே இறந்துபோனார்.

1951: மருத்துவமனையில் என்ன நடந்தது?

1950-ல் 5-வது குழந்தை ஜோசப் பிறந்தார். அதற்கு முன்பே வயிற்றுக்குள் ஏதோ முடிச்சு மாதிரி இருப்பதாக ஹென்ரியேட்டா உணர்ந்திருந்தார். ரத்தப்போக்கும் நிற்கவில்லை. 1951 ஜனவரி 29-ம் தேதி பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார்.

ஏன் அந்த மருத்துவமனை? அன்றைக்கு அந்தப் பகுதியில் ஏழைக் கறுப்பின நோயாளிகளை அனுமதித்த மருத்துவமனைகள் மிகச் சிலதான். அங்கேயும் அவர்களுக்குத் தனி வார்டு.

பரிசோதித்த மகப்பேறு மருத்துவர் ஹோவர்ட் ஜோன்ஸ், கருப்பை வாயில் ஒரு கட்டி இருப்பதைப் பார்த்தார். சோதனை முடிவு வந்தது. புற்றுநோய். அந்தக் காலத்து வழக்கமான சிகிச்சை, ரேடியம் அடைத்த சிறு குழாய்களைக் கட்டி இருக்கும் இடத்தில் வைத்துத் தைப்பது. அந்த முதல் சிகிச்சையின்போதுதான், கட்டியில் இருந்து ஒரு துண்டு, பக்கத்தில் நலமாக இருந்த தசையில் இருந்து ஒரு துண்டு என இரண்டு மாதிரிகளை மருத்துவர் எடுத்தார். அவருடைய சிகிச்சைக்கு இந்தத் துண்டுகள் தேவையில்லை. இவை போனது அதே மருத்துவமனையில் இருந்த ஜார்ஜ் கை என்ற ஆராய்ச்சியாளரின் ஆய்வகத்துக்கு.

இது அன்றைக்குச் சட்டவிரோதமா? இல்லை. நோயாளியிடம் கேட்காமல் திசு எடுப்பது அப்போது பல மருத்துவமனைகளில் சாதாரணமாக நடந்த விஷயம். தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் சட்டம் இல்லை என்பதற்காக அது சரி என்று ஆகிவிடுமா? இந்தக் கேள்விதான் இன்றுவரை தொடர்கிறது.

சாகாத செல்கள்

மனித செல்களை உடலுக்கு வெளியே உயிரோடு வளர்க்க ஜார்ஜ் கை பல ஆண்டுகளாக முயற்சி செய்துகொண்டிருந்தார். எது வைத்தாலும் சில நாட்களில், மிஞ்சிப்போனால் சில வாரங்களில் செத்துவிடும். உதவியாளர் மேரி குபிசெக், வழக்கம்போல இந்தத் துண்டுகளையும் குழாய்களில் வைத்தார். நோயாளியின் பெயர், குடும்பப் பெயர் இரண்டின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஹீலா' என்று எழுதி ஒட்டினார்.

நலமான தசையின் செல்கள் செத்துவிட்டன. கட்டியின் செல்கள் சாகவில்லை. ஒரு நாளுக்குள் இரண்டு மடங்காகின. அடுத்த நாள் அதுவும் இரண்டு மடங்கு. உணவும் இடமும் கொடுத்தால் வளர்ந்துகொண்டே இருந்தன. ஆய்வகத்தில் முடிவில்லாமல் பெருகிய முதல் மனித செல் வரிசை இதுதான்.

ஏன் இப்படி? விடை வர 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1980-களில் ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு, ஹீலா செல்களுக்குள் எச்.பி.வி-18 என்ற வைரஸின் மரபணு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது. ஒரு செல் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் தடுக்கும் இரண்டு முக்கியமான புரதங்களை அந்த வைரஸ் முடக்கிவிடும். சாதாரண செல்லில் ஒவ்வொரு முறை பிரியும்போதும் குரோமோசோமின் முனை கொஞ்சம் தேயும். ஹீலாவில் டெலோமரேஸ் என்ற நொதி அந்த முனையைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. பிரேக்கும் இல்லை, தேய்மானமும் இல்லை.

31 வயதில் முடிந்த வாழ்க்கை

ஆய்வகத்தில் செல்கள் பெருகிக்கொண்டிருந்தபோது, அந்த செல்களின் சொந்தக்காரர் உடல் தேய்ந்துகொண்டிருந்தார். ரேடியத்துக்குப் பிறகு எக்ஸ்-ரே சிகிச்சை. வயிற்றுத் தோல் கருகிப்போனது. சிகிச்சைக்கு வந்துபோன நாட்களில்கூட வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். புற்றுநோய் உடல் முழுக்கப் பரவியது. ஆகஸ்ட் 8-ம் தேதி மருத்துவமனையில் சேர்ந்தவர், பிறகு வீடு திரும்பவில்லை. 1951 அக்டோபர் 4-ம் தேதி இறந்தார்.

பிரேதப் பரிசோதனையின்போது மேலும் மாதிரிகள் எடுக்க மேரி குபிசெக் போயிருந்தார். ஹென்ரியேட்டாவின் முகத்தைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. பார்வையைத் திருப்பியபோது கால் விரல்கள் கண்ணில் பட்டன. நகங்களில் சிவப்புச் சாயம், அங்கங்கே உதிர்ந்துபோய் இருந்தது. இத்தனை நாள் குழாயில் பார்த்த செல்கள், உயிரோடு நடமாடிய, உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிய ஒரு பெண்ணுடையவை என்பது அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது. இதைப் பல ஆண்டுகள் கழித்து அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஹென்ரியேட்டாவின் உடல் குளோவருக்குக் கொண்டுபோகப்பட்டு, குடும்ப இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. பெயர் பொறித்த கல் வைக்கக்கூட குடும்பத்திடம் வசதி இல்லை. அந்தக் கல்லறைக்குக் கல் வந்தது 2010-ல்.

போலியோ சோதனை: எல்லாம் தொடங்கிய இடம்

ஜார்ஜ் கை அந்த செல்களை விற்கவில்லை. கேட்ட விஞ்ஞானிகளுக்கெல்லாம் இலவசமாக அனுப்பினார். விற்று லாபம் பார்க்கும் நிறுவனங்கள் பிறகுதான் வந்தன.

அந்த நேரத்தில் அமெரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்தது போலியோ. ஜோனஸ் சால்க் தடுப்பூசி தயாரித்துவிட்டார். 1954-ல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற பிரம்மாண்டமான சோதனை நடந்தது. ஊசி போட்ட குழந்தையின் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வழி எளிமையானதுதான். குழந்தையின் ரத்த நீரை எடுத்து, போலியோ வைரஸோடு கலக்க வேண்டும். அந்தக் கலவையை உயிருள்ள செல்கள் மேல் ஊற்ற வேண்டும். செல்கள் செத்தால், ரத்தத்தில் பாதுகாப்பு இல்லை. பிழைத்தால், ஆன்டிபாடி வைரஸைத் தடுத்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை இதற்குக் குரங்கு செல்கள் தேவைப்பட்டன. செலவு கட்டுப்படியாகவில்லை. ஹீலா செல்களைப் போலியோ வைரஸ் எளிதாகத் தாக்கும் என்பது 1953-ல் தெரியவந்ததும் பிரச்சனை தீர்ந்தது.

ஹீலாவை வாரத்துக்கு ஆயிரக்கணக்கான குழாய்களில் வளர்த்து அனுப்ப, அலபாமாவில் உள்ள டஸ்கீகி கல்வி நிலையத்தில் ஒரு மையமே அமைக்கப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் கறுப்பின விஞ்ஞானிகளும் டெக்னீஷியன்களும். அதே டஸ்கீகியில், சிபிலிஸ் நோய் இருந்த நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், சிகிச்சையும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்க்கும் அரசு ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. 1932-ல் தொடங்கிய அந்த ஆய்வு 1972-ல்தான் நிறுத்தப்பட்டது.

ரத்த நீர், வைரஸ், ஹீலா செல். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் சோதனையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரை நூற்றாண்டு கழித்து எச்.ஐ.வி.க்கும் இதுதான் கைகொடுத்தது.

எச்.ஐ.வி.க்கும் ஹீலாவுக்கும் என்ன சம்பந்தம்?

1981-ல் எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை வெளியானது. 1983-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்ஸுவா பாரே-சினோசி, லுக் மோன்டாக்னியர் குழுவினர் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டே, இந்த வைரஸ் டி செல்களின் மேல் இருக்கும் சி.டி.4 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது என்று இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின.

டி செல் என்பது நம் நோய் எதிர்ப்புப் படையின் தளபதி மாதிரி. வைரஸ் நேராகத் தளபதியையே தாக்குகிறது. சரி, அப்போ டி செல்லை வைத்தே ஆராய்ச்சி செய்யலாமே?

செய்கிறார்கள்தான். ஆனால் அதில் சிக்கல் உண்டு. டி செல்களை ஒவ்வொரு தடவையும் யாரிடமாவது ரத்தம் எடுத்துத்தான் பிரிக்க வேண்டும். ஒருவருடைய செல் மாதிரி இன்னொருவருடையது இருக்காது. அதனால் முடிவுகளும் மாறும். சில வாரங்களில் செல்கள் செத்தும்விடும். பல நாட்டு ஆய்வகங்கள் ஒரே அளவுகோலில் அளக்க வேண்டும் என்றால், எல்லோரிடமும் ஒரே மாதிரி செல் இருக்க வேண்டும்.

ஹீலா டி செல் இல்லை. அதன் மேல் சி.டி.4 கிடையாது. அதனால் எச்.ஐ.வி. அதற்குள் போகாது. 1986-ல் ரிச்சர்ட் ஆக்செல், ராபின் வெய்ஸ் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து, மனிதனின் சி.டி.4 மரபணுவை ஹீலாவுக்குள் வைத்தன. இப்போது வைரஸ் உள்ளே நுழைந்தது. அதே மரபணுவை எலி செல்லில் வைத்தபோது, வைரஸ் வெளியே ஒட்டிக்கொண்டதே தவிர உள்ளே போக முடியவில்லை. அப்படியென்றால் மனித செல்லில் சி.டி.4 தவிர இன்னொரு கதவும் இருக்க வேண்டும்.

அந்தக் கதவு 1996-ல் தெரிந்தது. சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற புரதம். ஹீலாவில் அது இயல்பாகவே இருந்தது. அதே ஆண்டில் சி.சி.ஆர்.5 என்ற இன்னொரு கதவும் கண்டுபிடிக்கப்பட்டது. ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குப் பரவும் எச்.ஐ.வி. பெரும்பாலும் பயன்படுத்துவது இந்த இரண்டாவது கதவைத்தான்.

ஒளிரும் செல்: ஆன்டிபாடியை எப்படி அளக்கிறார்கள்?

இனி வேலை எளிது. ஹீலாவுக்குள் சி.டி.4, சி.சி.ஆர்.5 இரண்டையும் சேர்த்தார்கள். கூடவே மின்மினிப் பூச்சியில் ஒளியை உண்டாக்கும் மரபணுவையும் வைத்தார்கள். ஆனால் அதற்கு ஒரு பூட்டு. எச்.ஐ.வி. உள்ளே வந்து, தன்னுடைய டாட் என்ற புரதத்தைத் தயாரித்தால் மட்டுமே அந்த மரபணு வேலை செய்யும். அதாவது, வைரஸ் நுழைந்த செல் ஒளிரும். நுழையாத செல் இருட்டாகவே இருக்கும். இதுதான் ஆரம்பத்தில் சொன்ன டி.இசட்.எம்-பி.எல்.

சோதனை இப்படி நடக்கும்:

முதலில், தடுப்பூசி போட்டவரின் ரத்த நீரைப் படிப்படியாக நீர்த்துப்போகச் செய்து, 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் விடுவார்கள்.

அடுத்து, எச்.ஐ.வி.யின் மேலுறையைப் போர்த்திய வைரஸைச் சேர்ப்பார்கள். ஒரு தடவை மட்டுமே செல்லுக்குள் நுழையும், பெருகாது. ஆய்வாளர்களின் பாதுகாப்புக்காக இப்படி.

ஒரு மணி நேரம் கழித்து செல்களைப் போடுவார்கள். 2 நாட்கள் கழித்து, ஒவ்வொரு குழியில் இருந்தும் எவ்வளவு ஒளி வருகிறது என்று கருவி அளக்கும்.

ஒளி அதிகம் என்றால் வைரஸ் ஜெயித்துவிட்டது. ஒளி குறைந்தால் ஆன்டிபாடி தடுத்துவிட்டது. எவ்வளவு நீர்த்த பிறகும் ஒளியைப் பாதியாகக் குறைக்க முடிகிறதோ, அவ்வளவு பலமான எதிர்ப்பு சக்தி. கவனித்தீர்களா? 1950-களில் போலியோவுக்குச் செய்த அதே சோதனைதான். செல் சாகிறதா என்று பார்த்த இடத்தில், இப்போது ஒளிர்கிறதா என்று பார்க்கிறார்கள்.

தட்டில் பார்த்தது மனிதரிடம் பலித்ததா?

2010-ல், எச்.ஐ.வி. தொற்று உள்ள ஒருவரின் ரத்தத்தில் இருந்து வி.ஆர்.சி.01 என்ற ஆன்டிபாடியை அமெரிக்க விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். ஹீலாவில் இருந்து உருவான இந்த செல்களில் சோதித்தபோது, உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த எச்.ஐ.வி. வகைகளில் சுமார் 90 சதவீதத்தை அது தடுத்தது. பெரிய எதிர்பார்ப்பு கிளம்பியது.

ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள், ஐரோப்பாவில் 4,600-க்கும் மேற்பட்டவர்களிடம் இது சோதிக்கப்பட்டது. 8 வாரத்துக்கு ஒரு தடவை நரம்பு வழியாக ஏற்றினார்கள். 2021-ல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் தொற்று குறையவில்லை. ஏமாற்றம்தான். ஆனால் தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ஆய்வகத் தட்டில் மிகக் குறைந்த அளவு ஆன்டிபாடிக்கே அடங்கிப்போன வைரஸ் வகைகளின் தொற்று, ஆன்டிபாடி பெற்றவர்களிடம் சுமார் 75 சதவீதம் குறைவாக இருந்தது. பிரச்சனை என்னவென்றால், அப்படி அடங்கும் வகைகள் புழக்கத்தில் குறைவு.

இதன் அர்த்தம், இந்தச் சோதனை வெறும் தட்டில் நடக்கும் வித்தை இல்லை. மனித உடலில் என்ன நடக்கும் என்பதை அதனால் ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிகிறது. இனி வரும் தடுப்பூசி எவ்வளவு பலமான ஆன்டிபாடியை உருவாக்க வேண்டும் என்பதற்கு ஓர் இலக்கும் கிடைத்தது.

செல்லுக்குள்ளேயே இருந்த காவல்

ஆன்டிபாடி மட்டும்தான் எதிர்ப்பு சக்தி என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பிறவியிலேயே சில காவல் ஏற்பாடுகள் உண்டு. அதிலும் ஹீலாவின் பங்கு இருக்கிறது.

எச்.ஐ.வி.யில் வி.பி.யு. என்ற புரதம் இருக்கிறது. அதை நீக்கிவிட்டால், ஹீலாவில் உருவாகும் புதிய வைரஸ்கள் வெளியேற முடியாமல் செல்லின் மேற்பரப்பிலேயே கட்டிப்போட்ட மாதிரி நின்றன. வேறு சில செல்களில் இந்தப் பிரச்சனை வரவில்லை. அப்போ ஹீலாவில் ஏதோ ஒன்று வைரஸைப் பிடித்து வைக்கிறது. 2008-ல் அந்தப் புரதம் அடையாளம் காணப்பட்டது. வைரஸைக் கயிறு போலக் கட்டி வைப்பதால் டெதெரின் என்று பெயர். அந்தக் கயிற்றை அறுப்பதற்காகவே எச்.ஐ.வி. வி.பி.யு.வை வைத்திருக்கிறது.

அதற்கு முன் 2004-ல், ரீசஸ் குரங்கின் மரபணுக்களை ஹீலாவுக்குள் வைத்துத் தேடியபோதுதான், குரங்கை எச்.ஐ.வி.யிடம் இருந்து காக்கும் ட்ரிம்5 என்ற புரதமும் சிக்கியது.

இந்த செல்லை நம்பி எல்லாம் சொல்லிவிட முடியுமா?

முடியாது. விஞ்ஞானிகளே இதைச் சொல்கிறார்கள். ஹீலா ஒரு புற்றுநோய் செல். அதன் குரோமோசோம் எண்ணிக்கையே இயல்பான 46-ஐ விட அதிகம். இந்த மாதிரி செல்லில் சி.சி.ஆர்.5 கதவு, உண்மையான டி செல்லில் இருப்பதை விடப் பல மடங்கு அதிகம். அதனால் சில ஆன்டிபாடிகளின் பலம் இதில் குறைத்துத் தெரியலாம். எலிகளைத் தாக்கும் ஒரு வைரஸ் டி.இசட்.எம்-பி.எல். செல்களில் கலந்திருப்பதும் 2008-ல் தெரியவந்தது.

இன்னொன்று, தொற்றிய செல்லைத் தேடிக் கொல்லும் டி செல்களின் வேலையை இதில் பார்க்க முடியாது. அதற்குத் தன்னார்வலரின் சொந்த ரத்த செல்களே வேண்டும். அதனால் ஒன்றுக்கு ஒன்று துணையாகப் பல செல் மாதிரிகளைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள்.

குடும்பத்துக்கு எப்போது தெரிந்தது?

இத்தனையும் நடந்துகொண்டிருக்க, ஹென்ரியேட்டாவின் குடும்பத்துக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் எதுவும் தெரியாது. செல்களின் சொந்தக்காரர் பெயர் ஹெலன் லேன் என்று பத்திரிகைகளில் தவறாக வந்துகொண்டிருந்தது. உண்மைப் பெயர் 1971-ல் ஒரு மருத்துவ இதழில்தான் வெளியானது.

1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியல் விஞ்ஞானி, பல ஆய்வகங்களில் வேறு வேறு செல்கள் என்று நினைத்து வளர்க்கப்பட்டவை உண்மையில் ஹீலாதான் என்று காட்டினார். அந்த அளவுக்கு அவை மற்ற செல்களுக்குள் கலந்து ஆக்கிரமித்திருந்தன. எது ஹீலா என்று பிரித்தறிய, ஹென்ரியேட்டாவின் பிள்ளைகளின் ரத்தம் தேவைப்பட்டது.

1973-ல் மருமகள் ஒருவர், வீட்டு விருந்தில் சந்தித்த ஓர் ஆராய்ச்சியாளர் மூலம், மாமியாரின் செல்கள் இன்னும் உயிரோடு இருப்பதைத் தற்செயலாகத் தெரிந்துகொண்டார். கிட்டத்தட்ட அதே நேரத்தில் ரத்தம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அம்மாவுக்கு வந்த புற்றுநோய் தங்களுக்கும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ரத்தம் எடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். முடிவுக்காக மகள் டெபோரா காத்திருந்தார். அப்படி ஒரு முடிவு வரவே இல்லை. அந்தப் பயம் அவரைப் பல ஆண்டுகள் துரத்தியது. இரண்டாவது தடவையும் கேட்டுச் செய்யவில்லை என்பதுதான் இதில் வேதனை.

உலகமே பயன்படுத்தும் செல்களின் வாரிசுகளில் பலருக்கு மருத்துவக் காப்பீடுகூட இல்லை என்பதை, ரெபெக்கா ஸ்க்லூட் 2010-ல் எழுதிய புத்தகம் வெளியே கொண்டுவந்தது. அந்தப் புத்தகத்தைப் பார்க்க டெபோரா உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

மரபணு, வழக்கு, மரியாதை

2013 மார்ச்சில், ஜெர்மனியைச் சேர்ந்த விஞ்ஞானிகள் ஹீலாவின் முழு மரபணு வரிசையை இணையத்தில் வெளியிட்டார்கள். அந்த வரிசையில் ஹென்ரியேட்டாவின் பேரன் பேத்திகளைப் பற்றிய மருத்துவத் தகவலும் மறைந்திருக்கும் இல்லையா? அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அதை நீக்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. அந்த மரபணுத் தகவலை யார் பயன்படுத்தலாம் என்று பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்தினர் 2 பேருக்கு இடம் கிடைத்தது. 62 ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் தடவையாக அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்பட்டது.

பணம்? உடலில் இருந்து எடுத்த செல்லுக்கு நோயாளி உரிமை கொண்டாட முடியாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990-ல், ஜான் மூர் என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. ஆனாலும் ஹீலாவை விற்றுச் சம்பாதிக்கும் தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின் மேல் குடும்பம் 2021-ல் வழக்கு போட்டது. 2023-ல் சமரசம் ஆனது. ஹென்ரியேட்டா பிறந்து 103 ஆண்டுகள் நிறைந்த ஆகஸ்ட் 1-ம் தேதி அது அறிவிக்கப்பட்டது. தொகை வெளியிடப்படவில்லை.

2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் ஹென்ரியேட்டாவுக்கு விருது அறிவித்தது. ஜெனீவாவில் அதைப் பெற்றுக்கொண்டவர், 87 வயதான மூத்த மகன் லாரன்ஸ். அம்மா இறந்தபோது அவர் பதின்வயதில் இருந்தார்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஹீலாவைப் பயன்படுத்தி 1,10,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. 2008-ம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசை, எச்.பி.வி.தான் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று காட்டிய சூர் ஹவுசனும், எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்த இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். ஹென்ரியேட்டாவைக் கொன்றது முதல் வைரஸ். அவருடைய செல்கள் இன்றைக்கு மல்லுக்கட்டுவது இரண்டாவது வைரஸோடு.

இந்த இரண்டும் நிஜ வாழ்க்கையிலும் ஒன்றுசேர்கின்றன. எச்.ஐ.வி. எதிர்ப்பு சக்தியைக் குறைப்பதால், எச்.பி.வி.யை உடலால் விரட்ட முடிவதில்லை. எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து 6 மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2006 முதல் எச்.பி.வி.க்குத் தடுப்பூசி இருக்கிறது. முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனையும் இருக்கிறது. ஹென்ரியேட்டாவுக்குக் கிடைக்காத இந்த இரண்டும் இன்றைய பெண்களுக்குக் கிடைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். இன்று எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வில் சேரும் ஒவ்வொருவருக்கும், என்ன செய்யப்போகிறோம், என்ன ஆபத்து, எடுக்கும் ரத்தம் எதற்குப் பயன்படும் என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும். கையெழுத்து வாங்க வேண்டும். எந்த நேரத்திலும் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். அப்படிச் சொல்லிக் கேட்டு வாங்கிய ரத்தம்தான் ஆய்வகத் தட்டுக்குப் போகிறது. அந்தத் தட்டில் அதற்காகக் காத்திருப்பதோ, கேட்காமல் எடுத்த ஹென்ரியேட்டாவின் செல்.